ஹபீல் நானாவும் உராங்குட்டானும்

கம்பளை அரிசிக் கடையில் நானும் ஹபீல் நானாவும் நாட்டாமைகள். மூட்டை சுமப்பதுதான் பிழைப்பு. எங்களுக்கு ஒரு மூட்டை என்றால் நானாவுக்கு அதன்மேல் இன்னொரு அரை மூட்டை. பலசாலி என்று பெயரெடுத்ததற்கு பளீல் முதலாளி கொடுத்த பரிசு அது. இடுப்பு விட்டுப்போச்சு, புரண்டு படுக்க முடியவில்லை என்று நானா சொன்னால் யார் கேட்கிறார்கள்? "உனக்கென்ன, நீ யான" என்று முதலாளி சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் மழை விட்டதும் ஊருக்கு சர்க்கஸ் வந்தது. போர்னியோவிலிருந்து பிடித்துவந்த உராங்குட்டான்தான் அதில் விசேஷம். செம்பட்டை மயிர், கணுக்கால்வரை தொங்கும் கை. நாலு ஆள் பலம் அதற்கு என்றார்கள். முழுத் தேங்காயைக் கையாலேயே உரித்தது. சர்க்கஸ்காரன் காலால் தரையைத் தட்டினால் மட்டும், பிடித்திருப்பதை உடனே போட்டுவிடும். அதோடு கயிறிழுக்க யார் வருகிறீர்கள் என்று அவன் கேட்டான். முதலாளி நானாவின் பெயரைக் கொடுத்துவிட்டார்.

வெகுநாளைக்குப் பிறகு நானா சிரித்தார். "தோத்தா நல்லந்தானே கறுப்பையா. ஊரே பாக்கத் தோத்துட்டா, நாளைக்கி எனக்கும் ஒரு மூட்டதான்."

"தோக்குறதுக்கு நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் நானா. அது பாத்துக்கும்."

அப்படித்தான் நடந்தது. உராங்குட்டான் உட்கார்ந்தபடியே இழுத்தது. நானா மண்ணைக் கீறிக்கொண்டு நடுவே போட்டிருந்த கோட்டை நோக்கிப் போனார். சுமந்து பழகிய உடம்பு வேறு, தொங்கிப் பழகிய உடம்பு வேறு. ஆனால் அதன் கண்ணிலும் நானாவின் அலுப்புதான் இருந்தது. பாவமாக இருந்தது.

போதும் என்று நானா முடிவெடுத்தது தோளிலேயே தெரிந்தது. சொல்லாமல் கயிற்றை விட்டால் எதிரே இருப்பது மல்லாக்கத் தள்ளிவிட்டதுபோல விழும். மூட்டையைக் கைவிடுமுன் காலால் தரையைத் தட்டித் தெரிவிப்பது நாட்டாமைகளின் வழக்கம். இல்லாவிட்டால் மற்றவனின் விரல் நசுங்கும். பழக்க தோஷம், நானா விடுவதற்குமுன் காலைத் தட்டினார்.

உராங்குட்டான் கயிற்றைப் போட்டுவிட்டது.

நானா கயிறும் கையுமாக மல்லாந்து விழுந்தார். கால் தட்டியதை என்னைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக் கடைத்தெரு முழுக்கச் சுற்றியது. "எறக்குங்க, எறக்குங்க" என்று அவர் கெஞ்சியது யார் காதில் விழுந்தது?

மறுநாள் காலை முதலாளி நானாவின் முதுகில் செல்லமாகத் தட்டினார். அரை மூட்டை இனி வேண்டாம், முழு மூட்டையாகவே ஏற்று என்று என்னிடம் சொன்னார். ஒரு மூட்டையோடு நானா ஏற்கெனவே குனிந்து நின்றிருந்தார். இரண்டாவதை அதன்மேல் வைத்து, கையை விடுமுன் வழக்கம்போல் நான் காலைத் தட்டினேன்.