சராசரி இருபத்திரண்டு

காலை ஒன்பது மணிக்கு அந்தச் சாலையில் வண்டி ஓட்டுவதைவிட, இறங்கித் தள்ளிக்கொண்டு போவது மேல். அந்த நேரமாகப் பார்த்துத்தான் சாலைப் பிரிவின் உதவிப் பொறியாளர் நடைபாதை ஓரத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு, வேகம் அளக்கும் கருவியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அலுவலகத்தில் அவருக்கு 'ஸ்கேல்' என்று பட்டப்பெயர். எழுதி வைத்த விதியிலிருந்து ஒரு நூல்கூட இப்படி அப்படி நகர மாட்டார். அதைப் புகழ்ச்சி என்றே பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

அவரை அங்கே உட்கார வைத்தது எதிரே இருந்த தையல்கடை அம்மாளின் மனு. அந்தச் சாலையில் வேக வரம்பு ஐம்பது கிலோமீட்டர். அதை முப்பதாகக் குறைக்கச் சொல்லி அவள் மூன்று முறை எழுதிவிட்டாள். பக்கவாதத்தில் ஒரு கால் இழுத்துக்கொண்ட அவள் கணவர், தினமும் மதியம் இரண்டு மணிக்குச் சாலையைக் கடந்து எதிர்வரிசையில் உள்ள பிசியோதெரபிக்குப் போக வேண்டும். கடையை விட்டுவிட்டுக் கூடப் போக அவளால் முடியாது. அவர் மட்டும் ஊன்றுகோலை நம்பிப் போவார். போய்த் திரும்பும்வரை அவள் ஊசியில் நூல் கோத்தாலும் கண் வாசலில்தான் இருக்கும்.

கழுத்தில் தொங்கும் டேப்போடு அவள் இறங்கி வந்தாள்.

"இப்ப எதுக்கு சார் அளக்கறீங்க? இந்த நேரத்துல எங்க வீட்டுக்காரர் நடுரோட்டுல நின்னு பேப்பரே படிக்கலாம். மத்தியானம் ரெண்டு மணிக்கு வாங்க. ரோடு காலியாக் கிடக்கும், ஒவ்வொருத்தனும் பறப்பான்."

"நெரிசல் நேரத்துலதான் கணக்கெடுக்கணும்னு ஃபாரத்துல போட்டிருக்கும்மா. அதை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல."

"அதிகாரம் வேண்டாம் சார். கண்ணு இருக்குல்ல?"

அவர் கருவியைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டார். அந்தப் படிவம், சாலையில் எத்தனை வண்டி போகிறது என்று எண்ணுவதற்காக அச்சடித்தது. எண்ணிக்கைக்கு நெரிசல் நேரம் சரி. எப்போதோ யாரோ தலைப்பை மட்டும் மாற்றி, வேகத்தை அளக்கவும் அதையே வைத்துவிட்டார்கள். இது அவருக்கு நன்றாகத் தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும்போது அதே சாலையில் அவரே அறுபதில் போகிறவர். தெரிந்தும் எழுதினார்: சராசரி வேகம் இருபத்திரண்டு. வரம்பைக் குறைக்கத் தேவையில்லை. கீழே முத்து முத்தாகக் கையெழுத்து.

பத்தொன்பதாவது நாள் மதியம், தையல்கடை அம்மாளின் கணவர் பாதிச் சாலையைக் கடந்திருந்தபோது ஒரு கார் அவரைத் தூக்கி அடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. ஓட்டி வந்தவர் குடிக்கவில்லை, கையில் போனும் இல்லை. நடைபாதையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். விசாரிக்க வந்த போலீஸ்காரர் கையை விரித்தார்.

"இந்த ரோட்டுல லிமிட் ஐம்பது. இவர் வந்தது நாற்பத்தெட்டு. என்னன்னு கேஸ் போடறது?"

ஆளைக் கொல்லும் வேகத்துக்குச் சட்டமே அனுமதி கொடுத்திருந்தது. அந்த அனுமதியை நீட்டித்துக் கொடுத்தது ஸ்கேலின் கையெழுத்து.

விபத்துப் படிவத்தைப் பூர்த்தி செய்ய அவரைத்தான் அனுப்பினார்கள். தையல்கடை அம்மாள் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்துவிட்டுப் போன சட்டையின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவரை உட்காரச் சொல்லவில்லை.

"அளவு குடுக்க வர்றவங்க வயித்தை எக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க சார். மூச்சை விடுங்கன்னு சொல்லிட்டுத்தான் நான் டேப்பைப் போடுவேன். இல்லன்னா பட்டன் போட முடியாது. நீங்க இந்த ரோடு வயித்தை எக்கிக்கிட்டு நின்ன நேரமாப் பார்த்து அளந்தீங்க. நான் தப்பா தைச்சா பிரிச்சுத் தைப்பேன். நீங்க எதைப் பிரிப்பீங்க?"

அவர் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியேறினார்.

மறுநாள் இரண்டு மணிக்கு, நிறுத்தியிருந்த ஒரு வேனுக்குப் பின்னால் ஒளிந்து நின்று அளந்தார். ஐம்பத்தெட்டு. அறுபத்து மூன்று. ஐம்பத்தொன்று. அறுபத்தேழு. அன்று மாலையே புது அறிக்கை எழுதினார். முதல் கணக்கு தவறான நேரத்தில் எடுத்தது, தவறு என்னுடையது, முப்பதாகக் குறைத்தே ஆக வேண்டும் என்று எழுதி மேலதிகாரியின் மேசையில் வைத்தார்.

"உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கறியே!" என்றார் மேலதிகாரி. "அதுவும் ஒரு சாவுக்கெல்லாம் வரம்பைக் குறைக்க முடியாதுப்பா. மூணு வருஷத்துல மூணு சாவுன்னு விதி இருக்கு. இன்னும் ரெண்டு வேணும்."

இன்னும் இரண்டு ஜெராக்ஸ் வேண்டும் என்பதுபோல்தான் சொன்னார்.

"யார் சார் அந்த ரெண்டு பேரு?" உதவிப் பொறியாளர் கேட்டார். "விலாசம் குடுங்க. நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம், கொஞ்சம் சீக்கிரம் வாங்கன்னு."

பொறுப்பின்றி அளந்ததற்கு ஒரு மெமோவும், மரியாதையின்றிப் பேசியதற்கு இன்னொரு மெமோவும் அவருக்குக் கிடைத்தன. ஆனால் முதல் கணக்கே தவறு என்று அவரே கையெழுத்திட்டுக் கொடுத்ததை யாராலும் குப்பையில் போட முடியவில்லை. அறிக்கை மேசை மேசையாக நகர்ந்து, ஐந்து மாதம் கழித்து உத்தரவாக வந்தது.

'முப்பது' என்ற பலகையை நட்ட அன்று அவர் பக்கத்திலேயே நின்றார். பலகையைப் பார்த்து ஒரு கார் வேகத்தைக் குறைத்தது. பின்னால் வந்தவன் அதற்குள் ஹாரனை அழுத்தி, ஜன்னல் வழியே தலையை நீட்டித் திட்டிவிட்டுப் போனான். அவர் தயங்கித் தயங்கித் தையல்கடைக்குள் போனார். மன்னிப்பு என்ற சொல்லைக்கூட எதிர்பார்க்கவில்லை; ஒரு தலையசைப்பாவது கிடைக்காதா என்றுதான் நினைத்தார்.

அவள் இயந்திரத்தை நிறுத்தாமலே பேசினாள்.

"ஆறு மாசம் முந்தி நட்டிருந்தா இது ரோட்டுப் பலகை சார். இப்ப இது எங்க வீட்டுக்காரரோட கல்லறைக்கல்லு. முப்பதுல வந்திருந்தா அவர் காலு ஒடிஞ்சிருக்கும், ஆள் இருந்திருப்பார். வேகத்தைக் குறைச்சா உங்களுக்கெல்லாம் ரெண்டு நிமிஷம் போகும், அவ்வளவுதான். குறைக்காம விட்டதுல எனக்கு அவரே போயிட்டார். இங்க நிக்காதீங்க. இன்னும் பலகை வைக்காத ரோட்டுக்குப் போங்க. அங்க ஒருத்தி இப்ப வாசலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பா."