நாலு வரியில் அப்பா

வேலையிடத்தில் அவனுக்கு 'நாலு வரி' என்று பேர். யாராவது இணையத்தில் எதையாவது தேடினால், கணினி பத்துப் பக்கங்களைத் தானே மேய்ந்து, சாரத்தைப் பிழிந்து நாலு வரியில் தரும். பிழிந்தது சாறா, சக்கையா என்று பார்ப்பது இவன் பிழைப்பு. நாலு வரியைப் படிப்பான். பத்துப் பக்கத்தையும் திறப்பான். விட்டது எது, இட்டுக்கட்டியது எது என்று குறிப்பான். 'முக்கியமானதை விட்டுவிட்டது' என்ற கட்டத்தில் டிக் போடும்போது மட்டும் ஒரு சின்னச் சந்தோஷம். மற்ற சந்தோஷங்களெல்லாம் அந்த நாற்காலியிலேயே தேய்ந்துபோயின.

சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் இருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் அப்பா போன் செய்வார். சில தெருக்கள் தள்ளித் தனியாக இருக்கிறார்; ஓய்வுபெற்ற லாரி டிரைவர். லாரியைத்தான் விட்டாரே தவிர சுற்றுவழியை விடவில்லை. ஒழுகும் குழாயில் கிளம்பி, பிளம்பரின் மச்சினன் வழியாக, பக்கத்து வீட்டு நாயைத் தொட்டுக்கொண்டு வந்து சேர்வதற்குள் இவன் செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, டீயில் பாதியைக் குடித்துவிடுவான். நடுநடுவே ஒரு "ம்".

அன்றும் அப்படித்தான். போனை வைத்ததும் மனைவி கேட்டாள்.

"மாமா என்ன சொன்னாரு?"

"நல்லாருக்காராம். பக்கத்து வீட்டுக்காரனோட சண்டையாம்."

"இவ்வளவு நேரம் பேசினதுக்கு அவ்வளவுதானா?"

"மத்ததெல்லாம் சக்கை."

"எனக்கு அந்தச் சக்கைதாங்க வேணும். அந்தாளு வேலிக்குப் பெயின்ட் அடிச்ச கதை என்னாச்சு?"

அவள் தையல்காரி. துண்டுத் துணியைக்கூடத் தூக்கிப் போட மாட்டாள்.

இவன் பெருமூச்சு விட்டான். காதில் விழுந்திருந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சொன்னான். "கண்ணைப் பறிக்கிற பச்சையாம். 'நல்லவேளைடா, காலைலேர்ந்து இடது கண்ணோரத்துல கறுப்பா ஒரு திரை தொங்குது. அவன் வேலியைப் பாக்க வேணாம்னு கடவுளே மறைச்சுட்டாரு'ன்னு ஒரே சிரிப்பு..."

பேச்சு பாதியில் நின்றது. அவள் கையில் ஊசியும் நின்றது.

அவள்தான் போனை எடுத்துத் தேடினாள். நாலு வரி வந்தது. முதல் வரியே, ஒரு கண்ணில் திடீரெனத் திரை விழுந்ததுபோல் இருந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும், தாமதித்தால் பார்வை போய்விடலாம் என்றது. நாள் முழுக்க இவன் குற்றம் கண்டுபிடிக்கும் அதே கணினி. அது விடவில்லை, விட்டது இவன்.

போனை வாங்கினான். பழக்கதோஷம் யாரை விட்டது? கீழே இருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஒப்பிட ஆரம்பித்தான். மூன்றாவது பக்கத்தில் இருந்தபோது சட்டை பறந்து வந்து முகத்தில் விழுந்தது.

"சரிபாத்து முடிச்சு டிக் வேற போடப் போறீங்களா? எந்திரிங்க!"

அப்பா கதவைத் திறந்தார். "இப்பதானடா பேசின? என்னத்த மறந்த?"

இவன் அவருடைய செருப்பைத் தேடினான்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் களைத்திருந்தார். "என்ன செய்யுது? சுருக்கமா சொல்லுங்க பெரியவரே."

"குழாய் ஒழுகுச்சுங்க..." என்று அப்பா ஆரம்பித்தார்.

இவன் வாயைத் திறந்தான். மனைவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். கதை பிளம்பர், மச்சினன், நாய் என்று ஊர்ந்தது. "...நாயைத் திட்ட ஜன்னலுக்குப் போறேன், கண்ணுக்குள்ள பளிச் பளிச்சுன்னு மின்னல். மழைதான் வரப்போகுதுன்னு கொடியில இருந்த துணியெல்லாம் எடுத்துட்டேன்."

டாக்டரின் பேனா நின்றது. "மின்னல் எப்போ?"

"நேத்து. இவன்கிட்ட சொன்னேனே."

சொன்னாராம். இவனும் "ம்" போட்டிருப்பான்.

சொட்டு மருந்து விட்டு, விளக்கைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார் டாக்டர். "விழித்திரை ஓரத்துல கழண்டிருக்கு. நடுவுக்கு இன்னும் வரல. தள்ளிப் போட்டிருந்தா கஷ்டம். காலைலயே ஆபரேஷன் பண்ணிடலாம்."

மனைவி மருந்து வாங்கப் போனாள். வெளியே பெஞ்சில் அப்பா தலையைச் சாய்த்து உட்கார்ந்தார். இவன் கண்ணில் அதே மணல். கொட்டாவி வேறு முட்டியது.

"எங்கடா விட்டேன்?"

"பச்சைப் பெயின்ட்லப்பா."

"அது கடைசி. உனக்கு முதல் பாதியே தெரியாது போலிருக்கே."

"தெரியாது. குழாய்லேர்ந்து சொல்லுங்க."

அப்பா சந்தேகமாக அவன் பக்கம் திரும்பினார். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"ம்" என்றான் இவன். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தான். "எந்தக் குழாய்ப்பா? சமையல்கட்டுலயா, வெளியிலயா?"