ஆபீஸா, சொந்தமா

அனிட்டா சாவியைத் திருகியதும் காருக்குள் கீச்கீச்சென்று சத்தம் கிளம்பியது. ஹாலில் அப்பா பெட்டிக்குள் படுத்திருக்கிறார், ஜெபம் நடக்கிறது. கல்லறைக்குப் போகிற வேன் உள்ளே வர வழியில்லாமல் ஹார்ன் அடிக்கிறது. காரை நகர்த்தத்தான் அவள் வந்தாள். இந்த நேரத்தில் இது வேறு.

ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த குட்டிக் கருவி அது. அப்பா ராயப்பன், கம்பெனிகளுக்கு மெஷினில் போடும் ஆயில் சீல் சப்ளை செய்தவர். தொழிலுக்கு ஓடிய கிலோமீட்டரை வருமான வரிக்குத் தனியாகக் காட்ட வேண்டும் என்று ஆடிட்டர் சொல்லப்போக, பெங்களூரிலிருந்து வாங்கிவந்து மாட்டினார். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் ஆபீஸ், சொந்தம் என்ற இரண்டு பொத்தானில் ஒன்றை அமுக்க வேண்டும். விட்டுவிட்டால் அடுத்த முறை வண்டியை எடுக்கும்போது கத்தித் தீர்த்துவிடும். மனுஷன் அதில் அப்படி ஒரு சுத்தம். கம்பெனிக்குப் போய்த் திரும்பும் வழியில் தக்காளி வாங்கினால்கூட, அந்தத் துண்டு ஓட்டத்துக்கு எதை அமுக்குவது என்று உட்கார்ந்து யோசிப்பார். வீடே சிரிக்கும்.

கடைசி ஓட்டத்துக்கு அவர் எதையும் அமுக்கவில்லை. ஜூஜுவாடியில் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான். காரைக் கட்டி இழுத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

"ஆபீஸை அமுக்குக்கா. சத்தம் நிக்கட்டும்," என்றான் தம்பி வெஸ்லின்.

அவளுக்கு விரல் எழவில்லை. ஜூஜுவாடியைத் தாண்டினால் கர்நாடக எல்லை செக்போஸ்ட், அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கேதான் அவள் வீடு. கன்னடக்காரரைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து அப்பா அந்த வாசலை மிதித்ததில்லை. போன வாரம் போனில், "பாப்பா நடக்குதுப்பா, வந்து பாக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள். "பாக்கலாம்" என்றார். வருகிறேன் என்று சொன்னாரா, வாயை அடைத்தாரா? அது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஜூஜுவாடில அப்பாவுக்கு யாரு கஸ்டமரு?"

"ரெண்டு கம்பெனி இருக்குது."

"அன்னிக்கு அங்க போனாரா?"

"கேட்டேன். வரலைங்கறாங்க. போறதுக்கு முன்னாடியே ஆயிருச்சோ என்னமோ."

"சாம்பிள் பை?"

"கட்டிலுக்கு அடியிலதான் கெடக்குது. ஆனா வசூலுக்குப் போனா அதை எடுத்துட்டுப் போக மாட்டாருக்கா."

சத்தம் கேட்டு அம்மா ஜெபசீலி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"எங்க போறேன்னும்மா சொன்னாரு?" என்றாள் அனிட்டா.

அம்மா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துர்றேன்னுதான் சொன்னாரு."

வேன்காரர் மறுபடி ஹார்ன் அடித்தார்.

"தப்பா அமுக்கிட்டா மாத்த முடியாதுக்கா," என்றான் வெஸ்லின். "அப்பா ஒரு தடவகூடத் தப்பா அமுக்கினதில்ல."

அனிட்டா சொந்தத்தை அமுக்கினாள். சத்தம் நின்றது. உள்ளே பாடிக்கொண்டிருப்பது அப்போதுதான் காதில் விழுந்தது.

வெஸ்லின் அவளைப் பார்த்தான். காருக்குப் பின்னால் போய், ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வரச்சொல்லிக் கை காட்டினான். அழுகையில் அவளுக்குக் கண்ணாடியில் எதுவும் சரியாகத் தெரியவில்லை. அவன் கை அசைந்த பக்கமாக வண்டியைப் பின்னால் எடுத்தாள்.