தாருக்கும் மணலுக்கும் ஒரே வண்டி

கடைசி போல்ட் இளக மறுத்தது. அம்மார் ஸ்பானரின் வாலில் செருப்புக்காலை வைத்து அழுத்தினார். போல்ட் கீச்சிட்டுக்கொண்டு விட்டுக்கொடுத்தது. விட்ட வேகத்தில் அவர் விரல் முட்டி வண்டியின் எஞ்சினில் போய் இடித்தது. வலியை அவர் காட்டிக்கொள்ளவில்லை. தண்ணீர்க் கேனோடு பக்கத்தில் நின்றிருந்த அண்ணன் மகள் நஜ்வா விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வாப்பாவை இழந்த பெண்ணே அப்படி நிற்கும்போது, தான் முட்டிக்காக முகம் சுளிப்பது சரியில்லை என்று பட்டது.

தூஸ் ஊரிலிருந்து வரும் தார்ச்சாலை அந்த இடத்தோடு முடிகிறது. அப்புறம் மணல்தான். மணலுக்குள்ளே வெகுதூரத்தில், ஒரு கிணற்றடிக் கூடாரத்தில், அவருடைய அண்ணன் துஹாமி இறந்து கிடந்தார்.

காலையில் மதினி மப்ரூக்கா பேசியிருந்தாள். கிணற்றடியில் போனில் சிக்னல் எடுக்கும் இடம் ஒரு மேடு மட்டும்தான். அதில் ஏறி நின்று, காற்றுக்கு மேலே கத்திப் பேசினாள்.

"உங்க அண்ணன் போயிட்டாரு. சாயந்திரம் அஸர் தொழுகை வரைக்கும் வச்சிருக்கச் சொல்லியிருக்கேன், அதுக்கு மேல வெயில் தாங்காது. பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துருங்க."

அவ்வளவுதான் பேச்சு. நஜ்வா ஊரில் சாச்சா அம்மாரின் வீட்டில் தங்கி நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அம்மார் மசாலாக் கடையைப் பூட்டிவிட்டு ஜீப் தேடி அலைந்தார். ஒரு ஜீப் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு உப்பு ஏரிப் பக்கம் போயிருந்தது. இன்னொன்று எஞ்சினைக் கழற்றிப் பரப்பிப்போட்டுக் கிடந்தது. மதியத்துக்கு மேல் பார்க்கலாம் என்றார்கள். மதியத்துக்கு மேல் கிளம்பினால் மூடிய கபரின் மண்மேட்டைத்தான் பார்க்க முடியும். ஆகவே மோட்டார் சைக்கிள்.

அந்த வண்டியை அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கினார்கள். துஹாமிக்கு வேலை, வழி தவறிப் போன ஒட்டகங்களைத் தேடிப் பிடித்துக் கொடுப்பது. சுற்று வட்டாரத்தில் யாருடைய ஒட்டகம் காணாமல் போனாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். அம்மாருக்கு வேலை, மிளகாய்த்தூளும் சீரகமும் மூட்டைகட்டி ஊர் ஊராகச் சந்தைக்குக் கொண்டுபோவது. ஒரே வண்டி பாதி நாள் மணலிலும் பாதி நாள் தாரிலும் ஓடியாக வேண்டும். இரண்டுக்கும் முன்பக்கத்தின் ஒரே உயரம் ஒத்துவராது.

முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்களையும் மேலும் கீழுமாக இரண்டு தட்டுகள் கவ்விப் பிடித்திருக்கின்றன. போல்ட்டை இளக்கிக் குழாயைக் கீழே இறக்கினால் வண்டி மூக்கை நிமிர்த்திக்கொள்ளும். முன்சக்கரம் கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்கும். அப்போது மணலில் அது மூழ்காது, அலையாது, பிடித்த திசையை விடாது. ஆனால் அதே நிலையில் சந்தைச் சந்துக்குள் வந்தால் திரும்பவே திரும்பாது. குழாயை மேலே ஏற்றினால் எல்லாம் தலைகீழ். மூக்கு தாழும், விரல் பட்டாலே வண்டி திரும்பும், மணலைக் கண்டதும் முகம் குப்புறப் புதையும்.

வண்டி கைமாறும் இடம் இந்தத் தார் முனைதான். கேனில் பெட்ரோல் விற்பவரின் கொட்டகை நிழலில் எஞ்சினுக்கு அடியில் கல்லை முட்டுக்கொடுத்து, துஹாமிதான் ஒவ்வொரு முறையும் ஏற்றுவார், இறக்குவார். தம்பியைத் தொடவிட மாட்டார். ஒருமுறை அவசரத்தில் மாற்றாமல் கொடுத்துவிட்டார். அம்மார் சந்தை முக்கில் திரும்பப் பார்த்து, திரும்பாமல், நேரே பூசணிக்காய்க் குவியலில் போய் இறங்கினார். "உன் வண்டி மந்திரி மாதிரிண்ணே. எவன் குறுக்க வந்தாலும் நேராத்தான் போகுது" என்று மறுவாரம் சண்டைக்கு நின்றார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "உன்னது மட்டும் என்னவாம்? கழுதை மாதிரி கண்ட இடத்துல மூக்க நுழைக்குது" என்றார். பெட்ரோல்காரர் இரண்டு பேருக்கும் டீ ஊற்றினார்.

குளிர்காலத்தில் துஹாமிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், ஊரிலேயே இருக்கச் சொன்னார்கள். அவர் கிணற்றடிக்கே போய்விட்டார். வண்டி தம்பியிடமே நின்றது. நோன்புப் பெருநாள் கழிந்து ஒருநாள் அந்த மேட்டில் ஏறி நின்று அவர் போன் செய்தார். மேடு ஏறிய இளைப்பு அடங்கும்வரை அம்மார் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"வண்டி இப்ப எதுல இருக்கு? தாரா, மணலா?"

"தார்லதாண்ணே இருக்கு. நீ வர்றப்ப மாத்திக்கலாம்."

"அப்படியே இருக்கட்டும்டா" என்றார் துஹாமி.

அன்றைக்கு அம்மார் சீரகம் அள்ளிய கரண்டியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். கடைக்கு வந்த ஆள் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

இப்போது அதே கொட்டகை நிழலில், அதே கல்லை முட்டுக்கொடுத்து, அண்ணன் செய்வதைப் பார்த்திருந்த நினைவில் இரண்டு குழாய்களையும் இறக்கினார். மேல்தட்டோடு குழாயின் தலை சமமாக வந்தது. அண்ணன் இவ்வளவு இறக்குவார் என்பது தெரியும். இரண்டும் ஒரே அளவில் நிற்கின்றனவா என்று பெருவிரலால் தடவிப் பார்த்தார். போல்ட்டுகளை முடுக்கினார். பெட்ரோல்காரர் கேன் நிறைய ஊற்றிக் கொடுத்துவிட்டு, வண்டியைத் தட்டிக்கொடுத்தார். நஜ்வாவின் தலையில் ஒரு கணம் கை வைத்துவிட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டார்.

கெட்டி மணல் இருந்தவரை வண்டி நன்றாகப் போயிற்று. அம்மார் ஐம்பது தாண்டியவர். மணலில் ஓட்டியது சொற்பம். பிடியை இறுக்காதே, அது போகிற போக்கில் விடு என்று அண்ணன் சொல்வது நினைவிருந்ததால் கையைத் தளர்த்தியே வைத்திருந்தார். முதல் குன்று வந்தது. பாதை இடப்பக்கம் அதைச் சுற்றிப் போகிறது. அம்மார் இடப்பக்கம் திருப்பினார். ஹேண்டில் திரும்பியது, முன்சக்கரமும் திரும்பியது, வண்டி மட்டும் திரும்பவில்லை. நேரே குன்றில் ஏறி, உச்சிக்குக் கொஞ்சம் கீழே நின்று, மெதுவாக, யாரோ படுக்கவைத்தது போல, பக்கவாட்டில் சாய்ந்தது.

இரண்டு பேரும் உருண்டு கீழே வந்தார்கள். அடி ஒன்றுமில்லை. தண்ணீர்க் கேன் மூடி கழன்று பாதித் தண்ணீர் போய்விட்டது. அம்மார் வண்டியைத் தூக்கி நிறுத்தி, திரும்பவும் ஏறச் சொன்னார். இன்னொரு தரம் அதே மாதிரி விழுந்தார்கள். இந்த முறை நஜ்வாவின் முழங்கை சிராய்த்துவிட்டது.

அம்மார் மணலில் உட்கார்ந்துவிட்டார். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் வைக்கிற அளவுதானே வைத்தேன், மயிரிழை பிசகாமல் வைத்தேனே என்று தனக்குத்தானே முனகினார். மண்வெட்டியோடு ஆட்கள் காத்திருப்பதும், மதினி மேட்டில் ஏறி நின்று பார்ப்பதும் அவர் கண்முன் வந்தன. முகம் பார்க்க முடியாமல் போய்விடும் என்று முதல் தடவையாக நினைத்தார்.

நஜ்வா முழங்கையில் ஒட்டியிருந்த மணலை ஊதிவிட்டு, வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாச்சா."

"சொல்லும்மா."

"வாப்பா இதுல தனியாத்தான போவாங்க."

அம்மார் நிமிர்ந்தார்.

"நாம ரெண்டு பேருல்ல இருக்கோம்" என்றாள் நஜ்வா. "என் கனம் பின்னால அழுத்துது. முன்னால ஏற்கெனவே தூக்கித்தான் இருக்கும். அதுக்கு மேல நீங்களும் தூக்கி வச்சிருக்கீங்க."

சொல்லி முடிக்கும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. விடிந்ததிலிருந்து வராத அழுகை அங்கே, நடு மணலில், முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த இடத்தில் வந்தது. அம்மார் அவளைத் தேற்றவில்லை. எழுந்துபோய் முட்டுக்கொடுக்கக் கல் தேடினார். மணலில் கல்லுக்கு எங்கே போவது? பெட்ரோல் கேனை எஞ்சினுக்கு அடியில் செருகி, போல்ட்டுகளை இளக்கினார். அவள் அழுது முடித்துவிட்டு வந்து, சொல்லாமலே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். இறக்கிய அளவில் பாதியைத் திரும்ப ஏற்றினார்கள். அவள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து அழுத்த, அவர் தள்ளி நின்று வண்டி எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று பார்த்தார். இன்னும் ஒரு விரற்கடை ஏற்றினார்.

வண்டி குன்றைச் சுற்றித் திரும்பியது. அவள் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தாள். மேடு வரும்போது பிடி இறுகியது, இறக்கத்தில் தளர்ந்தது. அதற்கப்புறம் ஒரே ஒரு இடத்தில்தான் விழுந்தார்கள். அதில் குற்றம் அம்மாருடையது, வண்டியுடையது இல்லை.

கிணற்றடியில் ஆட்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் எல்லாரும் எழுந்தார்கள். சிலர், கேட்டுப் பழகிய அந்தச் சத்தத்தில் ஒரு கணம் கூடாரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அண்ணனின் மய்யித்தைக் குளிப்பாட்டி, கஃபன் துணி உடுத்தி, முகத்தை மட்டும் கட்டாமல் வைத்திருந்தார்கள். மப்ரூக்கா மகளை உள்ளே கூட்டிப்போனாள். வெகு நேரம் கழித்து மகள் மட்டும் வெளியே வந்து, "நீங்க போங்க சாச்சா" என்றாள்.

அம்மார் அண்ணனின் நெற்றியில் முத்தமிட்டார். தாடி நன்றாக வாரிவிடப்பட்டிருந்தது. அண்ணன் உயிரோடிருந்தபோது ஒருநாளும் தாடி வாரியதில்லை. மப்ரூக்கா கூடாரத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விடிய விடியத் தூங்கல" என்றாள். "சுபுஹு தொழுகைக்கு முன்னாடி, கொஞ்சம் சாஞ்சுக்கிறேன்னாரு. வெளக்க நகத்தி வைக்கச் சொன்னாரு. நகத்திட்டுத் திரும்புறேன், முடிஞ்சிருச்சு."

"கஷ்டப்பட்டாரா மதினி?"

"இல்ல. கண்ணு கூசுதுன்னு மட்டும் சொன்னாரு."

தொழுகை முடிந்து மண்ணுக்குக் கொண்டுபோனார்கள். மணலை விலக்கி, கெட்டி மண் தட்டும்வரை தோண்டி, பக்கங்கள் சரியாமல் ஈச்ச மரத் துண்டுகளை வைத்திருந்தார்கள். கபருக்குள் அம்மார்தான் இறங்கினார். மேலேயிருந்து கொடுத்த உடம்பைக் கை நீட்டி வாங்கியபோது, கனத்துக்குத் தயாராக இறுக்கி வைத்திருந்த தோள் ஏமாந்தது. அவ்வளவு லேசாக இருந்தார் அண்ணன். இந்த உடம்போடுதான் அந்த மேட்டில் ஏறிப் போன் பேசியிருக்கிறார். கிப்லாத் திசையைப் பார்த்து முகத்தைத் திருப்பி வைத்துவிட்டு, மேலே வருவதற்கு அம்மாருக்கு இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

அஸருக்கு அப்புறம் தூரத்துக் கிணறுகளிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நஜ்வா உம்மாவின் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போயிருந்தாள். அவள் முழங்கைச் சிராய்ப்பில் மப்ரூக்கா எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அம்மார் கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து டீயைக் கையில் வைத்திருந்தார். குடிக்கத் தோன்றவில்லை.

வெயில் தாழ்ந்த வேளையில் தெற்கேயிருந்து ஒருவர் ஒட்டகத்தைக் கையில் பிடித்து நடந்து வந்தார். தலைப்பாகையும் புருவமும் புழுதி அப்பியிருந்தன. இரண்டு நாளாவது நடந்திருப்பார். சலாம் சொல்லிவிட்டு, வண்டியைப் பார்த்து முகம் மலர்ந்து, துஹாமி வீட்டில்தானே இருக்கிறார் என்று கேட்டார். குட்டி போடப்போகிற பெண் ஒட்டகம் ஒன்று தப்பிப் போய்விட்டதாம்.

அம்மார் விஷயத்தைச் சொன்னார். வந்தவர் ஒட்டகத்தின் கயிற்றை விட்டுவிட்டார். கபர் இருக்கும் பக்கத்தைக் கேட்டு, போய் ஓதிவிட்டு வந்து, அம்மாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் பெயர் சாலிம் என்றார். போன கோடையில் துஹாமி தன் ஒட்டகத்தைப் பிடித்துக்கொடுத்துவிட்டு ஒரு வாய்ப் பால் குடித்தார், அதற்கு மேல் எதுவும் வாங்கவில்லை என்றார். வந்தவர் ஒட்டகப் பேச்சைத் திரும்ப எடுக்கவில்லை. டீயைக் குடித்து, கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்ப எழுந்தார்.

"எந்தப் பக்கம் போச்சு?" என்றார் அம்மார்.

"அது கெடக்குது தம்பி. இன்னைக்கு எதுக்கு அது?"

"சொல்லுங்க. நான் இங்க ரெண்டு மூணு நாள் இருப்பேன்."

சாலிம் அவரைப் பார்த்தார். கடைக்காரரின் சட்டையையும் இடித்துச் சிவந்த விரல் முட்டியையும் பார்த்தார். குந்தி உட்கார்ந்து, கையால் தெற்குப் பக்கம் காட்டி, எந்தக் காற்றில் எங்கே ஒதுங்கும் என்று சொன்னார். பிறகு மணலைச் சமன்செய்து, தன் ஒட்டகங்களை அடையாளம் காணக் கழுத்தில் சுட்டுப் போடும் குறியை ஒரு விரலால் வரைந்து காட்டினார். ஒரு வளைவு, அதன் குறுக்கே ஒரு கோடு, கீழே இன்னொரு சின்ன வளைவு.

அம்மார் குனிந்து பார்த்தார். புரியவில்லை.

"இன்னொரு தரம் போடுங்க" என்றார்.

சாலிம் உள்ளங்கையால் அதை அழித்துவிட்டு, மெதுவாக, முதல் வளைவிலிருந்து திரும்பவும் வரைய ஆரம்பித்தார்.