ஆவும் என்றவனும் முடியாது என்றவனும்

என் சம்பந்தி அம்சவல்லி போன மழைக்கு எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாள். ஓட்டிலிருந்து சொட்டிய தண்ணீர் நேராக அவள் இலையில் விழுந்தது. "சாம்பார் தண்ணியா இருக்குதுன்னு நெனச்சேன், இப்பதான் தெரியுது" என்றாள். அன்றைக்கே எனக்கு உயிர் போனது. இந்த வருஷம் என் மகள் பார்வதி முழுகாமல் இருக்கிறாள், அதுவும் தலைப்பிரசவம். ஐப்பசியில் நாள். "ஒழுவற வூட்டுக்கு என் மருமவள அனுப்ப மாட்டேன். தனி ரூமு இருந்தா சொல்லு, வந்து பாத்துட்டு அனுப்பறேன்" என்று காடாம்புலியூரிலிருந்து ஆள் மூலம் சொல்லிவிட்டாள். முதல் பிரசவம் தாய்வீட்டில் நடக்காவிட்டால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? முகம் கிடக்கட்டும், என் பெண்ணுக்கு வலி எடுக்கும்போது பிடித்துக்கொள்ள என் கை வேண்டாமா?

ஆகையால் புதிதாக ஓர் அறை கட்டுவது என்று முடிவானது. யாரை வைத்துக் கட்டுவது என்பதில்தான் எனக்கும் என் வீட்டுக்காரர் தங்கராசுவுக்கும் மல்லுக்கட்டு.

அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் மிஷின் ஓட்டுகிறார், பெர்மனென்ட். அந்த மிதப்பில் உலகத்தில் தனக்குத் தெரியாத ஆளே இல்லை என்று நினைப்பு. ஒரு சாயங்காலம் சிங்காரவேலு என்பவனைக் கூட்டிவந்தார். "டவுன்ஷிப்புல எத்தினி குவார்ட்டர்ஸ் கட்டினவன் தெரியுமா?" என்று பெருமை வேறு. வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் டேப்பு, வாய் நிறைய வெற்றிலை. ஆள் பார்க்க மாப்பிள்ளை மாதிரிதான் இருந்தான்.

"ஐப்பசிக்குள்ள ஆவுமா?" என்றேன்.

"ஆவுங்க."

"ரெண்டு ஜன்னல் வேணும்."

"வச்சிடலாங்க."

"நடுவுல மழ புடிச்சிக்கினா?"

"புடிக்கட்டுமே. நம்ம வேல நிக்காதுங்க."

எனக்குச் சந்தேகம் தட்டியது. "அந்தக் கெணறு இடைஞ்சலா இருக்குது. கொஞ்சம் வடக்கால நவுத்திக் குடுப்பியா?" என்றேன்.

"நவுத்திடலாங்க" என்றான், கண்ணைக்கூட இமைக்காமல்.

அவன் போனதும் நான் ஆடித் தீர்த்துவிட்டேன். "கெணத்த நவுத்தறானாம்! நாளைக்கி சூரியன மேக்கால உதிக்க வைக்கச் சொன்னாலும் ஆவுங்கன்னுவான்!"

"அது மரியாதடி. ஆபீசருங்ககிட்ட பேசிப் பேசி அப்பிடி வருது" என்றார் இவர்.

"அந்த மரியாத செவுத்த நிக்க வைக்குமா?"

மறுநாள் காலையில் நானே வடலூருக்குப் போய் ராஜாங்கம் மேஸ்திரியைப் பிடித்துவந்தேன். அவர் கட்டிய வீடுகளில் எந்தச் சுவரும் வாய் பிளக்கவில்லை என்று அங்கே சந்தைக்கு வரும் பெண்கள் சொல்லியிருந்தார்கள். வந்தவர் மண்ணைக் காலால் நோண்டினார், பழைய சுவரை ஆணியால் குத்தினார், "முடியாது" என்றார்.

"மெல்லப் பேசுங்க" என்றேன்.

"எதுக்கும்மா ரகசியம்?"

"அவரு நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு உள்ள தூங்கறாருங்க."

எங்கள் தெருவில் இது சட்டம். ஆண்கள் எல்லோரும் சுரங்கம். வீட்டில் எது இல்லாவிட்டாலும், நைட் ஷிஃப்ட் பார்த்தவர் பகலில் தூங்க ஷிஃப்ட் ரூம் என்று ஒன்று இருக்கும். மற்ற இடமெல்லாம் மண்சுவராக இருந்தாலும் அது மட்டும் செங்கல், கனத்த கதவு, நல்ல ஓடு. ஆள் தூங்கினால் அம்மி அரைக்க மாட்டோம், அடுப்பைக்கூட மெதுவாகத்தான் ஊதுவோம். தூக்கம் கெட்டுப் போய் மிஷினில் உட்கார்ந்தால் கை போகும், உயிர் போகும். அதனால் அந்த அறைக்குள் நானே துணி எடுக்க மட்டும்தான் நுழைவேன்.

ராஜாங்கம் குரலைக் குறைக்கவே இல்லை. "பொரட்டாசி பாதியாவுது. இப்ப கட்டினா செவுரு காயாது. காயாத செவுத்துக்கு நடுவுல புள்ள பெத்தவளப் படுக்க வைப்பியா? தை மாசம் கூப்புடு, வரேன்."

"தை மாசம் கட்டி நான் படுக்கவா?"

அவர் ஷிஃப்ட் ரூமைச் சுற்றிவந்தார். சுவரைத் தட்டினார். "இது ஒழுவுதா?"

"சொட்டு ஒழுவாதுங்க."

"பின்ன இன்னாத்துக்கும்மா இன்னொரு ரூமு?"

"அய்ய! அது அவரு தூங்கற ரூமுங்க!" என்று கத்தியேவிட்டேன். பகல் நேரத்தில் அந்த வீட்டில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். கடன்காரப் பயல், வேலையும் வேண்டாம் என்கிறான், புத்தியையும் குழப்பிவிட்டுப் போகிறான் என்று எனக்கு அப்படி ஒரு எரிச்சல். எரிச்சல் அடங்கினதும் அவர் சொன்னதில் ஒரு தப்பும் தெரியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

இவர் எழுந்து வந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. "வேல குடுத்தா வாணாம்னு போறான், அவன்லாம் ஒரு மேஸ்திரியா? நாளைக்கே சிங்காரவேல வரச் சொல்றேன்."

"சொல்லுங்க. ஈரச் செவுரு பார்வதி மேல வுழுந்தா அவன் ஆவுங்கன்னுதான் சொல்லுவான்."

இவர் பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். அந்த அறையை விட்டுக்கொடுக்கும்படி இவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மிஷினைத் தூரத்தில் நின்று ஒரு தடவை பார்த்திருக்கிறேன், தூங்காத ஆள் அதில் உட்காரவே கூடாது. பெண்ணா புருஷனா என்று கேட்டால் எவள் பதில் சொல்வாள்? சிங்காரவேலு மறுநாள் வரவில்லை. இவர் போய்ச் சொல்லவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அம்சவல்லி பலாக்கொட்டை மூட்டையோடு வந்து இறங்கினாள். உட்காரக்கூட இல்லை. "ரூமு எங்க சம்பந்தி?"

புளுகலாமா என்றுகூட யோசித்தேன். அப்போது ஷிஃப்ட் ரூம் கதவு திறந்தது. இவர் சிவந்த கண்ணோடு, பாயும் தலையணையும் கக்கத்தில் இடுக்கி வெளியே வந்தார்.

"உள்ள வந்து பாருங்க சம்பந்தி. செங்கல்லு செவுரு. பார்வதியும் கொழந்தயும் இருக்கற வரைக்கும் இது அவங்களுது."

"நீங்க எங்க தூங்குவீங்க?"

"மாட்டுக் கொட்டாய்லதான். மாடு நைட் ஷிஃப்ட் போறதில்ல, பகல்ல மேயத்தான போவுது."

சொல்லிவிட்டுப் போயே விட்டார். அம்சவல்லி உள்ளே நுழைந்தாள். ஓட்டை நிமிர்ந்து பார்த்தாள், சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"நான் அஞ்சு பெத்தேன் சம்பந்தி. எங்க வூட்டுக்காரரு ஒரு தடவகூட கட்டில வுட்டு எறங்கல" என்றாள். "பொதங்கெழம பார்வதியக் கூட்டியாறேன்."