இடது தோள்

தையல் வகுப்பில் மற்றவர்கள் துணியை வெட்டிவிட்டு யோசிப்பார்கள். சொர்ணவல்லி யோசித்துக்கொண்டே இருப்பாள், வகுப்பு முடிந்துவிடும். டேப்பை ஒருதரம் வைத்தால் அவளுக்கு நம்பிக்கை வராது. எடுத்து உதறி, மறுபடி வைத்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே இன்னொரு கோடு போடுவாள்.

"ஏ வல்லி, அதுல தேர் ஓட்டப்போறியா? வெட்டித் தொலைடி" என்பாள் பக்கத்து மெஷின் ரஹீமா.

"தப்பா வெட்டிட்டா?"

"தப்பா வெட்டுனா எனக்குக் கர்சீப்பு ஆச்சு."

காரைக்குடியில் அந்த மாலை வகுப்பு தொடங்கி இரண்டாம் வருஷம். அரசாங்கப் பரீட்சையில் தன் அளவுக்குத் தானே ஒரு ஜாக்கெட் தைத்து, சோதிக்க வந்திருக்கும் அம்மாள் முன்னால் போட்டுக் காட்ட வேண்டும். போன வருஷம் சொர்ணவல்லியின் ஜாக்கெட் முழங்கைக்கு மேல் ஏறவே இல்லை. பரீட்சைக்கு வந்த அம்மாள் சிரிக்கக்கூட இல்லை; அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

"இந்தத் தடவையும் கோட்டை விட்டுட்டு வந்தீன்னா, வகுப்புக்கு முழுக்குப் போட்டுட்டு வீட்டுல கெட" என்று மாமியார் கண்ணாத்தாள் சொல்லிவிட்டாள். தேறிவிட்டால் ரஹீமாவும் அவளுமாகச் செக்காலையில் ஓர் அறை பிடித்துத் தையல் கடை போடுவதாகப் பேச்சு.

ஆனால் அவளுக்குப் பரீட்சை மட்டும் பெரிதில்லை. தண்டாயுதபாணி ஆசாரிக்கு அவள் இரண்டாம் தாரம். அந்த வீட்டில் அவள் எதைத் தொட்டாலும் அது ஏற்கெனவே இன்னொருத்தி தொட்டது. அம்மியின் பள்ளம் இன்னொரு கைக்குத் தேய்ந்தது. கட்டிலின் ஓரம் இன்னொரு உடம்புக்கு வழவழத்தது. மூத்தாள் அழகம்மாளின் படம்கூட வீட்டில் கிடையாது, யாரும் அவள் பேரை எடுப்பதும் இல்லை. இல்லாதவளிடம் சண்டையும் போட முடியாது. தன் அளவுக்குத் தன் கையால் ஒரே ஒரு துணி தைத்து, அது தன் உடம்பில் சரியாக உட்கார வேண்டும். சொர்ணவல்லி கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

தன் முதுகுக்குத் தானே குண்டூசி குத்திப் பார்ப்பது பெரும்பாடு. அதைச் சொல்லி அலுத்துக்கொண்டபோது, "பொம்மை ஒண்ணு செஞ்சு தாரேன். அதுக்கு மாட்டிப் பாரு" என்றான் தண்டாயுதபாணி.

அவள் டேப்பை நீட்டினாள். "அப்ப அளவு எடுத்துக்கங்க."

"டேப்பு எதுக்கு? கை அறியாதா?"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. டேப்பைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டு வேலையில் மிஞ்சிய தேக்கு அது. வேலையில்லாத நாட்களில் கொல்லைக் கொட்டகையில் உட்கார்ந்து செதுக்கினான். கழுத்திலிருந்து இடுப்பு வரை; கீழே ஒற்றைக் கால். இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அவள் மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். சொர்ணவல்லி அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். தன்னை ஒருவன் இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்திருக்கிறானே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

முதல் ஜாக்கெட் பொம்மைக்கு அச்சாக அமைந்தது. கழற்றித் தான் போட்டாள். இடது தோளில் இறுக்கிப் பிடித்தது. முதுகில் கை நுழையும் அளவுக்குத் தொளதொளத்தது.

தையலில்தான் பிழை என்று பிரித்துத் தைத்தாள். மறுபடி பொம்மைக்குச் சரி, அவளுக்கு இல்லை. புதுத் துணி எடுத்து வெட்டினாள். அதுவும் அப்படியே. வகுப்புக்குக் கொண்டுபோனாள். ரஹீமா அவளை நிற்கவைத்துத் தோளில் டேப்பைப் போட்டாள்.

"உனக்கென்னடி, ரெண்டு தோளும் தராசு மாதிரி நிக்கிது. இது ஒரு பக்கம் எறங்கின ஆளுக்குத் தச்ச ஜாக்கெட்டு."

வீட்டுக்கு வந்து புருஷனின் ரசமட்டத்தை எடுத்துப் பொம்மையின் தோள்கள் மேல் வைத்தாள். குமிழி வலது பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது.

"மரம் வளைஞ்சு வாங்கியிருக்கும்" என்றான் தண்டாயுதபாணி, சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"நல்லாக் காஞ்ச தேக்குன்னீகளே. அது வாங்குமா?"

அவன் மோர் கேட்டான்.

அதற்கப்புறம் பகலில் தனியாக மெஷின் மிதிக்கும்போது அவள் முதுகு கூசும். தைத்து முடிப்பதற்காக யாரோ பின்னால் நின்று காத்துக்கொண்டிருப்பது போல. திரும்பினால் பொம்மைதான். ஒரு மத்தியானம் அதன் மேல் மாட்டியிருந்த ஜாக்கெட்டைக் கழற்றினாள். இடது அக்குளில் துணி ஈரமாக இருந்தது. முகர்ந்து பார்த்தாள். வியர்வை. அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். ஒழுகுவதற்கு மழையும் இல்லை, சித்திரை வெயில். தன் கை ஈரம்தான் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். அவள் உள்ளங்கை காய்ந்துதான் இருந்தது.

மிளகாய் எடுக்க உள்ளறைக்கு வந்த கண்ணாத்தாள்தான் போட்டு உடைத்தாள். ஜாக்கெட் மாட்டிய பொம்மை ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றது. கையிலிருந்த முறம் தரையில் விழுந்தது.

"அழகு..."

"என்ன அத்தை?"

"இத யாரு செஞ்சா? எம்மவன் பாணியா?" கிழவி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "சின்ன வயசுல கெணத்துப் படியில விழுந்து காறை எலும்பு ஒடிஞ்சவத்தா அவ. இடது தோளு எறங்கினாப்புலயே நின்னுபோச்சு. எத்தனை சேலை கட்டுனாலும் அந்தப் பக்கம் முந்தானை சரியும்."

சொர்ணவல்லிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கை அறியாதா என்றானே. அறிந்ததைத்தான் செதுக்கியிருக்கிறது.

"அவன வையாத. அவனுக்கே தெரிஞ்சிருக்காது" என்றாள் கண்ணாத்தாள். "தப்பு எம்மேல. மூத்தாளுக்குத் துணி வச்சுக் கும்பிட்டுட்டுத்தான் உன்னையக் கூட்டியாந்திருக்கணும். அவசரத்துல விட்டுட்டேன். வெள்ளிக்கிழமை ஒரு சேலையும் ரவிக்கைத் துண்டும் வச்சுக் கும்பிடுவோம். கும்பிட்டு நீ அதக் கட்டிக்க. அவ மனசு ஆறிரும்."

"துண்டா? ஜாக்கெட்டாவே தச்சு வைக்கிறேன் அத்தை."

"தச்ச துணி வைக்கிற வழக்கமில்லத்தா. துண்டாத்தான் வைப்பாக."

"தையல் படிக்கிறவ, தைக்காத துண்டைக் குடுத்தா என்ன மரியாதை? அளவுதான் கண்ணு முன்னால நிக்கிதே."

கண்ணாத்தாள் அதற்கு மேல் தடுக்கவில்லை. வழக்கம் தெரியும், காரணம் அவளுக்கும் தெரியாது. தைக்காத துணி யார் உடம்புக்கும் பொது. தைத்துவிட்டால் அதற்கு ஓர் ஆள் உண்டு. இதைச் சொல்லித்தர அந்த வீட்டில் யாரும் இல்லை.

அந்த ஜாக்கெட்டை வெட்டும்போதுதான் சொர்ணவல்லிக்கு வாழ்நாளில் முதல்முறையாகச் சந்தேகமே வரவில்லை. ஒரே தடவை அளந்தாள். ஒரே கோடு. கத்தரி தானாக வளைந்து போயிற்று. பிரிக்க ஒரு தையல்கூட இல்லை. இப்படி ஒரு நாளாவது தனக்குத் தைக்க வராதா என்று நினைத்தபோது கண் கலங்கியது.

வெள்ளிக்கிழமை முற்பகலில் விளக்கேற்றி, சேலையையும் ஜாக்கெட்டையும் வைத்துக் கும்பிட்டார்கள். தண்டாயுதபாணி நிலைப்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. கும்பிட்டு எழுந்து, சொர்ணவல்லி உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜாக்கெட்டை மாட்டினாள். இடது தோளில் இறுக்கும் என்று எதிர்பார்த்து மூச்சைப் பிடித்தாள்.

இறுக்கவில்லை. முதுகிலும் தொளதொளப்பு இல்லை. கொக்கிகள் ஒவ்வொன்றாகத் தம் இடத்தில் விழுந்தன. ஒரு சுருக்கம் இல்லை.

வெளியே வந்தபோது கண்ணாத்தாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சரியாத்தான் இருக்கு" என்று முணுமுணுத்துவிட்டு விளக்கைத் தூண்டப் போனாள். நன்றாக எரிந்துகொண்டிருந்த விளக்கு அது.

அடுத்த வாரம் பரீட்சை. அங்கேயே அளந்து, அங்கேயே வெட்டித் தைக்க வேண்டும். ஒருத்திக்கொருத்தி அளவெடுக்கலாம். ரஹீமா டேப்பைத் தோளில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"நேரா நில்லுடி."

"நேராத்தான் நிக்கிறேன்."

"அல்லா..." ரஹீமாவின் குரல் இறங்கியது. "தராசு மாதிரி இருந்துச்சேடி. எங்கிட்டாச்சும் விழுந்தியா?"

சொர்ணவல்லி ஜன்னல் கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்தாள். முந்தானை இடது பக்கம் சரிந்திருந்தது. அவள் மனப்பாடமாக வைத்திருந்த தன் பழைய அளவும் நினைவில் இருந்தது. டேப் காட்டுகிற அளவும் கண்முன் இருந்தது. எதற்கு வெட்டுவது? பழையதற்கு வெட்டினால் இன்று இந்த உடம்பில் ஏறாது. அப்புறம் வகுப்பு இல்லை, செக்காலை அறை இல்லை.

"டேப்பு என்ன சொல்லுதோ அதச் சொல்லு" என்றாள்.

வந்திருந்த அம்மாள் அவளைச் சுற்றிவந்து பார்த்தார். இடது தோளில் விரலை வைத்து, "கோணல் தோளுக்கு இவ்வளவு சுத்தமாத் தைக்கிறது லேசில்லம்மா. பயப்படாமப் போ" என்றார்.

வீட்டில் யாரும் இல்லை. சொர்ணவல்லி பரீட்சை ஜாக்கெட்டைக் கழற்றிப் பொம்மைக்கு மாட்டிப் பார்த்தாள். இடது தோளில் இறுக்கிப் பிடித்தது. முதுகில் தொளதொளத்தது. ரசமட்டத்தை எடுத்துவந்து வைத்தாள். குமிழி நட்டநடுவில் நின்றது, அசையவே இல்லை. அவளுக்கு நன்றாகத் தெரிந்த தோள்கள். பிறந்ததிலிருந்து அவள் சுமந்த தோள்கள்.

வாசலில் செருப்புச் சத்தம். தண்டாயுதபாணி உள்ளே வந்தான்.

"என்னாச்சு?"

"தேறிருவேன் போலருக்கு."

"அப்பிடிச் சொல்லு!" என்று சிரித்துக்கொண்டே பின்னால் வந்து அவள் இடது தோளில் கையை வைத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் கை அவள் மேல் எங்கே இறங்குவதென்று தெரியாமல் தயங்கித்தான் இறங்கும். இன்று தயங்கவில்லை. பழகிய இடத்தில் உட்காருவது போல, தோளின் சரிவில் அமர்ந்துகொண்டது.