ருக்மணி அக்காவின் பக்கம்

முனிவேல் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். ராத்திரி ஷிப்டுக்குப் போல்ட் கம்பெனி. பகலில் ஓசூர் பாகலூர் ரோட்டில் அழகர்சாமியின் கம்ப்யூட்டர் சென்டர். எப்போது தூங்குகிறாய் என்று யாரும் கேட்டதில்லை. தினம் ஒரு பக்கம் எழுதுவதற்கென்றே அங்கே ஒரு புரோகிராம் செய்து வைத்திருந்தான். ஊர் முழுக்க அதில் எழுத வந்தது ஒரே ஆள்தான். வாட்ச் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்த ருக்மணி. ஷிப்ட் முடிந்ததும் யூனிபார்ம் சேலையோடு வந்து, கேன்டீனில் அன்று யாருக்கும் யாருக்கும் சண்டை என்று சிரித்துக்கொண்டே தட்டுவார்.

கரண்ட் போனால் பக்கமும் போகும். அடிக்கடி போனது.

"இன்னொரு தடவ போச்சுன்னா நோட்டும் பேனாவுமா வீட்லயே உக்காந்துக்கறேன் தம்பி," என்றார் ருக்மணி.

"அந்தம்மா நின்னுட்டா உன் புரோகிராமை அழிச்சிட்டு கார் ரேஸ் கேம் போட்டுருவேன், பாத்துக்க," என்றார் அழகர்சாமி.

முனிவேல் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி செய்தான். இனி நிமிஷத்துக்கு ஒரு தரம் பக்கம் தானாகவே டிஸ்க்கில் பதியும். கரண்ட் வந்ததும் புரோகிராமும் தானாகவே திறந்துகொள்ளும். பிளக்கைப் பிடுங்கி, செருகி, உடனே டிஸ்க்கைப் பார்த்தான். எழுதியது இருந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

மறுநாள் ருக்மணி முக்கால் பக்கம் எழுதிவிட்டு டீ குடிக்கப் போனார். கரண்ட் போனது, வந்தது. திரும்பி வந்து பார்த்தால் திரையில் ஒன்றுமில்லை. டிஸ்க்கிலும் இல்லை. கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும். கொட்டித் தீர்த்துவிட்டுப் பையை எடுத்தார்.

முனிவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. கரண்ட் வந்ததும் புரோகிராம் வெற்றுப் பக்கத்தைத் திறந்திருக்கிறது. ஒரு நிமிஷம் ஆனதும் அந்த வெறுமையை, எழுதியதன் மேலேயே பத்திரமாகப் பதித்துவிட்டது. பக்கத்தைத் தின்றது அவன் வைத்த காவல்தான்.

"அக்கா, நாளைக்கு ஒரே ஒரு தடவ வாங்க. மெயின் சுவிட்ச் உங்க கையில. எப்ப வேணா அமுக்குங்க. போச்சுன்னா நானே கார் ரேஸ் போட்டுடறேன்."

வந்தார். புதிய பக்கம் முழுசாகப் பதிந்ததா என்று சரிபார்க்கும்வரை பழையதைத் தொடாதபடி மாற்றியிருந்தான். கரண்ட் வந்தால் கடைசியாகப் பதிந்த பக்கமே திறக்கும். ருக்மணி கொஞ்ச நேரம் தட்டிவிட்டு எழுந்து போய் சுவிட்சை அறைந்தார். போட்டார். மறுபடி அறைந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"யாருய்யா அது? மெஷின்ல பேப்பர் மாட்டிக்கிச்சு!" அதே லைனில் ஓடும் பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து ராமப்பன் கத்தினார்.

"இரு ராமப்பா, டெஸ்ட்டு நடக்குது!" என்று சொல்லி இன்னொரு அறை.

சுவிட்சைப் போட்டதும் திரை எழுந்தது. பக்கம் வந்தது. கடைசி நிமிஷத்தில் தட்டிய வரி மட்டும் இல்லை. ருக்மணி மேலிருந்து கீழே படித்தார். உதட்டைப் பிதுக்கினார். மொத்தத்தையும் அழித்தார்.

"அக்கா! என்னக்கா பண்றீங்க?"

"படிச்சுப் பாத்தா நல்லால்ல. கரண்ட் தின்னா வயிறு எரியும் தம்பி. நானே அழிச்சா எரியாது." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நாளைக்கும் எனக்கு இதே எடம் வேணும். அழகர்சாமி அண்ணன்கிட்ட சொல்லி வை."

சொன்ன கையோடு அடுத்த பக்கத்தைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்.